திருத்தணியில் கொடுத்த முடி

என் கணவருக்கு மூளைக்கு அடியில், கண் நரம்பை ஒட்டி ஒரு கட்டி. கத்தி போக முடியாத இடம் என்று அறுவை மருத்துவர் கைவிரித்துவிட்டார். வலக்கண் ஏற்கெனவே போயிருந்தது. மிச்சமிருந்த இடக்கண்ணைக் காப்பாற்ற, கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், அதுவும் சீக்கிரம் என்றார்கள். எங்கள் வேப்பம்பட்டுத் தெருவில் அதற்குப் பெயர் ‘கரண்ட் வைக்கிறது’.

தலை துளியும் அசையக் கூடாதாம். வெந்நீரில் இளக்கிய வலை போன்ற பிளாஸ்டிக்கைத் தலையோடு இழுத்துப் படியவைத்து ஒரு முகமூடி செய்தார்கள். அதை மாட்டி, படுக்கையோடு பூட்டி, ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய மனுஷன் அவர். வெளியே வந்ததும், “நாங்க லேத்துல இரும்பைப் புடிக்கிற மாதிரியே புடிக்கிறாங்கடி. நூலு பிசகாது” என்றார். எனக்கும் தைரியம் வந்தது.

திங்கட்கிழமை ஆரம்பம். ஞாயிறு காலை தன் தம்பியோடு ஆவடி வரை போய்வருவதாகக் கிளம்பியவர், மத்தியானம் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்து நின்றார். அத்தனை அடர்த்தியான சுருட்டை முடி!

“குணமானப்புறம் கொடுக்கலாம்னுதானே வேண்டிக்கிட்டோம்? யாரைக் கேட்டு மொட்டை அடிச்சீங்க?”

“கரண்ட் வெச்சா முடி கொட்டிடுமாமே. தானா கொட்னதையா சாமிக்குக் குடுக்கறது? அதான் திருத்தணிக்கே போய்க் குடுத்துட்டு வந்துட்டேன்.”

அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. வெயிலில் அலைந்ததற்கு மட்டும் திட்டிவிட்டுச் சோறு போட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். முடி இருந்த இடமெல்லாம் முகமூடி தொளதொளவென்று நின்றது. உள்ளே தலை ஆடியது.

“இதை வெச்சுக் கொடுத்தா கட்டியை விட்டுட்டு நரம்புல பட்டுடும்மா. புது முகமூடி, புது ஸ்கேன், எல்லாம் மொதல்லேர்ந்து. ஒரு வாரமாவது ஆகும்” என்றார் மருத்துவர். முடியை எடுக்கக் கூடாதென்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இப்படியும் ஒருவர் வந்து நிற்பார் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்காது.

திரும்பும்போது ரயிலில் என் வாய் சும்மா இருக்கவில்லை. “மூளைன்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு? லேத்துல புடிச்ச இரும்பை வேலை நடுவுல கழட்டுவீங்களா?”

“மூளை கீது. அதுக்குத்தானே கரண்டே வெக்கறாங்க” என்று சிரிக்கப் பார்த்தார். பாவி மனுஷா! அத்தனை பேர் பார்க்க அழுதுவிட்டேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை, “டீ எங்கடி?” என்று கேட்டார். டம்ளர் அவர் முன்னால்தான் இருந்தது.

பிறகு கதிர்வீச்சு ஒழுங்காக நடந்தது. கட்டி அடங்கிவிட்டது. பார்வை திரும்பவில்லை. முன்னாடியே ஆரம்பித்திருந்தாலும் போயிருக்கலாம் என்று மருத்துவர் ஆறுதல் சொன்னார். போகாமலும் இருந்திருக்கலாமே என்று என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த முருகன் மேலும் எனக்குக் கோபம்தான்.

போன வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று, “இன்னும் என் மேல கோவமா கீறியா?” என்று கேட்டார்.

“சேச்சே, இல்லீங்க” என்றேன்.

முன்பெல்லாம் என் மூஞ்சியைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவார். அன்று நம்பிவிட்டார்.