மரை வழுக்கிய போல்ட்

எங்கள் பழைய ஃபியட் காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் ரப்பர் புஷ்களை நானே மாற்றினேன். கடைசி போல்ட்டை அவசரத்தில் அளவுக்கு மீறி முறுக்கியதில், அது பொருந்தும் துளையின் மரை வழுக்கிவிட்டது. பட்டறையில் கொடுத்துப் புது மரை வெட்டியிருக்க வேண்டும். மறுநாளோ விராலிமலையில் பேரனுக்கு மொட்டை. போல்ட்டில் பசை தடவிச் செருகி, மேலே கிரீஸ் பூசி மறைத்தேன்.

காலையில் மனைவி கேட்டாள்: "வண்டியில எல்லாம் சரியா இருக்குங்களா?"

"பாலிடெக்னிக்ல நான் சொல்லிக்கொடுத்த பாடம்டி இது."

"சொல்லிக்கொடுத்தீங்க. செஞ்சு பார்த்தீங்களா?" என்று சிரித்தபடி முன்சீட்டில் ஏறினாள்.

சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டோம். அன்னவாசல் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் போல்ட் கழன்றது. சக்கரம் சாய்ந்து, கார் புளியமரத்தில் மோதியது. அவளுடைய முழங்கால் மூட்டு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் ரோட்டுப் பள்ளத்தைக் குற்றம் சொன்னேன். அவளும் நம்பினாள். அவள் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய அன்றுதான் உண்மையைச் சொன்னேன்.

கட்டிலில் உட்கார்ந்து, "அன்னைக்கே சொல்லியிருந்தா பஸ்ல போயிருப்பமே" என்றாள்.

துளையில் இப்போது புது மரை போட்டாயிற்று. வண்டியில் சின்னக் கோளாறு என்றாலும் முதலில் அவளிடம் சொல்லிவிடுகிறேன். பஸ் படிதான் இனி அவளால் ஏற முடியாது.