கடப்பாரை படாத மண்

போடியிலிருந்து மேலே ஏறும் மலைச்சரிவில் ஓர் ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. பச்சைக் காயை உலர்த்தி எடுக்கிற கட்டடம். அதன் வாசல் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். முதலாளி பெயர், காண்ட்ராக்டர் பெயர், வந்து திறந்து வைத்த அதிகாரியின் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. ஜக்கம்மாள் பெயர் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் பார்க்கிறேன், ஆனாலும் அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நான் அழகுமலை, அந்தச் சாலை வளைவில் டீக்கடை வைத்திருப்பவன்.

ஜக்கம்மாள் சிலமலையில் பிறந்தவள். வீரையாவைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். வீரையா அப்போது ரோட்டு வேலையில் பாறைக்கு வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்தார். பாறையில் குழி போட்டு, தோட்டாவைத் திணித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஓடி ஒளிகிற வேலை. ஒருநாள் எல்லாம் வெடித்து முடிந்தது என்று சொன்ன இடத்தில் கடப்பாரையை இறக்கினார். உள்ளே வெடிக்காமல் கிடந்த தோட்டா அந்த அடியில் வெடித்தது. இரண்டு கண்ணும் போயின. அந்த வேலையை எடுத்திருந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை வந்து, "பாத்துச் செஞ்சிருக்கணும்பா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். கண் போய்க் கட்டிலில் கிடக்கிறவனிடம் சொல்கிற வார்த்தையா அது?

அதற்குப் பிறகு குடும்பத்தை இழுத்தது ஜக்கம்மாள்தான். அவளுக்கு எஸ்டேட்டில் ஏலத் தூர் பிரிக்கிற வேலை. கொத்தாக வளர்ந்த செடியின் தூரை வேரோடு கிளப்பி, பிரித்து, வேறு இடத்தில் நடவேண்டும். மலையில் அந்த வேலைக்கு யாரும் இரும்பை எடுக்க மாட்டார்கள். தூரைச் சுற்றித் தண்ணீர் விட்டு ஊறவைப்பார்கள். மண் குழைந்ததும் கையால் அள்ளுவார்கள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் அள்ளல். வேர் ஒன்றுகூட அறாமல் தூர் முழுசாகக் கையில் வந்துவிடும். மம்பட்டி போட்டு வேரை அறுத்துவிட்டால் அந்தத் தூர் பிழைத்தாலும் காய்க்காது. இதில் ஜக்கம்மாள் கெட்டிக்காரி, அதை அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். அடக்கம், ஒடுக்கம் எல்லாம் அவளிடம் எதிர்பார்க்க முடியாது. என் கடை டீயைக் குடித்துவிட்டு, "அண்ணே, இது டீயா, கழனித்தண்ணியா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பாள்.

தேவிகுளம் தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் முதலாளி ஸ்டோர் கட்டத் தீர்மானித்தார். லயத்துக்கு, அதாவது வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, மேலே இடம் பார்த்தார்கள். நடுவில் ஒரு பாறை. பக்கத்தில் புதுசாக நட்ட ஏலம். அந்த மண்ணுக்குள் எங்கேயோ, ஊற்றுத் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவரும் பழைய சுட்ட மண் குழாய் ஓடுகிறது. எந்த இடத்தில் ஓடுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. காண்ட்ராக்டருக்கு அந்தக் கவலையே இல்லை. பாறையை உடை, மண்ணைத் தோண்டு, குழாய் உடைந்தால் லயத்துக்காரர்கள் ஓடையில் இறங்கித் தண்ணீர் மோந்துகொள்ளட்டும். அவருக்கு வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்திருக்கும்.

வெடி வைத்தது ஒரு பிற்பகல். வெடி வேலையில் ஒரு வழக்கம் உண்டு. திரியைக் கொளுத்திவிட்டு மேஸ்திரி மறைவில் நின்று சத்தத்தை எண்ணுவார். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்டால் சிவப்புத் துணியை இறக்கிவிட்டு ஆட்களை உள்ளே விடுவார். பெரியகருப்பன் என்பவர்தான் மேஸ்திரி. அவர் எண்ணினார், சரியாக இருந்தது, துணியை இறக்கினார். மறுநாள் காலையில் கடப்பாரை ஆட்கள் இறங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கூட்டத்தில் ஜக்கம்மாளின் மகன் தவசியும் ஒருவன். கல்யாணமாகி வருஷம்கூட ஆகாதவன்.

லயத்து வாசலில் நார் கிழித்துக்கொண்டிருந்த வீரையா மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தா, ஒண்ணு வெடிக்கல."

"எல்லாம் வெடிச்சிருச்சாம்ல. மேஸ்திரி எண்ணிட்டாராம்."

"கடைசியாக் கேட்டது வெடி இல்ல. எதிர்ப்பாறை திருப்பிக் குடுத்த சத்தம். மேலேருந்து வரல, அந்தப் பக்கமிருந்து வந்துச்சு. அவரு அதையும் சேத்து எண்ணிப்புட்டாரு." வீரையா கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார். "என் கண்ணு போன அன்னைக்கும் எண்ணிக்கை சரியாத்தேன் இருந்துச்சு."

ஜக்கம்மாள் நேராக மேஸ்திரியிடம் போனாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உன் புருசனுக்குக் கண்ணுதேன் போச்சுன்னு நெனச்சேன். காதும் போச்சாத்தா? போ, போய்ச் சோலியப் பாரு."

என்ன மனிதர் இவர்? ஒருவேளை வீரையா சொல்வது தப்பாகவே இருக்கட்டும். ஒருநாள் பொறுத்துப் பார்த்தால் மலை ஓடியா போய்விடும்? வெடி எங்கே கிடக்கிறது என்று தெரியாத மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு கடப்பாரையை இறக்கச் சொல்ல எப்படி மனசு வந்தது? கடப்பாரை பிடிக்கிறது அவர் மகன் இல்லை, அதுதான் காரணம்.

அவள் மகனிடமும் சொல்லிப் பார்த்தாள்.

"போகலைன்னா பேர வெட்டிருவாக ஆத்தா," என்றான் தவசி. "நான் போகலைன்னாலும் வேற எவனாவது எறங்கத்தான போறான்?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. அன்று சாயங்காலமே அவள் என் கடைக்கு முன்னால் வந்து, போடிக்கு இறங்கும் லோடு லாரியைக் கை காட்டி நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டதும் நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஏறிக்கொண்டேன்.

முதலாளி தன் மண்டியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஜக்கம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே தோட்டா கிடக்கிறது, மகன் இறங்கப்போகிறான், குழாய் உடைந்தால் லயத்துக்குத் தண்ணீர் இல்லை. அவர் ஒரு காயை உரித்து முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் காண்ட்ராக்டர் பாத்துக்கிருவாருத்தா. இதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் வந்தியா?"

எனக்குக் கெட்ட வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஜக்கம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு வேறு மாதிரிப் பேச ஆரம்பித்தாள்.

"சரிங்க மொதலாளி. ஆனா பாறைக்குப் பக்கத்துல புதுசா நட்ட தூரு இருக்குல்ல, அது பூராவும் போயிரும். இன்னைக்கு வெடிச்சதுலயே கல்லு தெறிச்சு ரெண்டு நெழல் மரம் முறிஞ்சு கெடக்கு. உள்ள கெடக்குறதும் வெடிச்சா அந்தச் சரிவே எறங்கிரும்."

முதலாளி காயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"புதுத் தூரா? எந்தப் பக்கம்?"

மனிதர்கள் சாகப்போகிறார்கள் என்றபோது அசையாத உடம்பு, தூர் என்றதும் அசைந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"இரும்பே வேணாம் மொதலாளி," என்றாள் அவள். "தூரு கெளப்புற மாதிரி தண்ணி விட்டே அந்த மண்ண எடுத்துருவோம். வேரும் அறாது, குழாயும் ஒடையாது."

"செய்யுங்க, செய்யுங்க. தூரு மட்டும் பத்திரம்," என்றார். டிரைவரைக் கூப்பிட்டு, ஜீப்பிலேயே எங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு மேஸ்திரியிடமும் சொல்லிவிடச் சொன்னார்.

மறுநாள் காலையில் லயத்துப் பெண்கள் மூங்கிலைப் பிளந்து, ஓடைபோல ஒன்றோடொன்று சேர்த்து, ஊற்றிலிருந்து தண்ணீரை மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீரையா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: பாறை ஓரம் யாரும் கிட்டப் போகக்கூடாது, தூர நின்று தண்ணீரை மட்டும் திருப்பவேண்டும், தண்ணீரே தோண்டட்டும். அப்படியே செய்தார்கள். மூங்கில் முனையை நீளக் கழியால் இப்படியும் அப்படியும் நகர்த்தினாள் ஜக்கம்மாள். மண் குழைந்து சரிந்து ஓடியது. கீழே மாயக்காள் என்கிற பெண் செத்தைகளை அடுக்கி அணை கட்டியிருந்தாள். சேறு அங்கே தங்கியது, தெளிந்த தண்ணீர் மட்டும் ஓடைக்குப் போனது. தங்கிய சேற்றைத் தூர்களுக்கே அணைத்துவிடலாம் என்றாள். வெடிச்சத்தம் இல்லை, தூசி இல்லை, மரம் ஒன்றும் சாயவில்லை.

கடப்பாரை ஆட்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியகருப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"இப்பிடிக் கரைச்சா அடுத்த தைப்பொங்கலுக்குத்தேன் அஸ்திவாரம். வெரசாக் கழுவுங்கத்தா, அப்பிடியே என் வேட்டியையும் கழுவிக் குடுத்துருங்க."

ஜக்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உச்சிப்பொழுதுக்கு முன்னால் மண் குழாய் தெரிந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மேஸ்திரியின் ஆட்கள் கடப்பாரை போடுவதற்காக இழுத்து வைத்திருந்த சுண்ணாம்புக் கோடு நேராக அதன் மேலேதான் போயிருந்தது.

அப்புறம் பாறை ஓரத்தில் தண்ணீரைத் திருப்பினாள். மண் கரைந்து இறங்க இறங்க, ஒரு குழியின் வாயிலிருந்து கருப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது. பாதி எரிந்து அணைந்துபோன திரி.

பெண்கள் மூங்கிலை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். தவசி தன் கடப்பாரையைப் பார்த்தான், அந்தக் குழியைப் பார்த்தான். முந்தின நாள் அவனுக்கென்று காட்டியிருந்த இடம் அதுதான். பெரியகருப்பனின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. வெடி தெரிந்த ஆள் ஒருவர் போடியிலிருந்து வந்து அந்தத் தோட்டாவை அப்புறப்படுத்தும்வரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த ஆளோடு முதலாளியும் ஜீப்பில் வந்திருந்தார். மேஸ்திரி அவருக்கு முன்னால் ஓடிப்போய், "நான்தேன் மொதலாளி, எதுக்கும் தண்ணி விட்டுப் பாத்துருவோம்னு சொன்னேன்," என்றார். கொஞ்சம்கூடக் கூசவில்லை. என் கைக்கு எட்டுகிற இடத்தில் அவர் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முதலாளி அதைக் கேட்டுத் தலையாட்டினார். குழியைப் பார்த்தார். வெளியே எடுத்து வைத்திருந்த திரியைப் பார்த்தார். பிறகு ஏலத்தின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"தூருக்கு ஒண்ணும் சேதமில்லையே?"

ஜக்கம்மாள் முழங்கைவரை சேறாக நின்றாள். கையைக்கூடத் துடைக்கவில்லை.

"இல்ல மொதலாளி. தூரு அம்புட்டும் இருக்கு," என்றாள். "கடப்பாரை எடுக்க இருந்த புள்ளைகளும் இருக்காக. நீங்க கேக்க மறந்துட்டீக, அதான் நானே சொல்லிட்டேன்."

முதலாளி சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.