மேரிக்குப் போனேன்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. ஏழாம் வகுப்பில் வேற்றுமை உருபு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் "கடைக்குப் போனேன்" என்று எழுதி, அதன் கீழே "அத்தையிடம் போனேன்" என்று எழுதி, இடமென்றால் எந்த உருபு, ஆளென்றால் எந்த உருபு என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பதிவுத் தபால். சுவர்க் கடிகாரம் அந்த வாசலுக்கு மேலேதான் இருந்தது. அதனால்தான் நேரம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை.

உறையின் மூலையில் என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் முத்திரை. சென்னையில் கட்டடக்கலை நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க டீச்சர், மறுபடியும் பரிசா? போன வாரம் தின்ன லட்டே இன்னும் நெஞ்சுல நிக்குது."

நான் சிரித்தேன். பிரிக்கவில்லை. நல்ல செய்தியைப் பதிவுத் தபாலில் யாரும் அனுப்புவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

லட்டுக்குக் காரணம், போன வாரம் வந்த ஒரு தாள். அந்தத் துறையில் ஆண்டுக்கொரு முறை "மாணவர், ஆசிரியர் சாதனைகள்" என்று சைக்ளோஸ்டைல் செய்து பெற்றோருக்கு அனுப்புவார்கள். அதில் என் மகளைப் பற்றி ஒரு வரி இருந்தது. பழைய கட்டடங்களை அளந்து வரையும் மாணவர் போட்டியில், எங்கள் ஊர் காரைக்காலில் ஒரு வீட்டை வரைந்ததற்காக முதல் பரிசு. அதற்குக் கீழே அவளுடைய பேராசிரியரைப் பற்றி ஆறு வரி. ஏதோ கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருக்கிறார். தலைப்பு, காரைக்காலில் ஒரு வணிகர் வீடு. அதே வீடு. அந்த ஆறு வரியில் என் மகள் பெயர் இல்லை.

ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தேனே தவிர, அன்றிலிருந்தே எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு சந்தேகக் கண். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கடிதத்தைப் பிரித்தேன். பேராசிரியரே கையெழுத்துப் போட்டிருந்தார். பரிசுக்குரிய வரைபடத்தின் மாடிப் பகுதியை மேரி என்ற வேறொருவர் வரைந்ததாகச் சந்தேகம் எழுந்திருக்கிறது. வரைபடத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. சென்ற ஆண்டு படிப்பை முடித்த, காரைக்கால் பக்கத்து மாணவி ஒருத்திக்கும் அதே பெயர். "யாராவது உதவினார்களா" என்று கேட்டதற்கு உங்கள் மகள் "யாரும் இல்லை" என்று சொல்லிவிட்டாள். விசாரணை முடியும்வரை பரிசு நிறுத்தி வைக்கப்படுகிறது, அவள் வகுப்புக்கு வர வேண்டியதில்லை, குற்றம் உறுதியானால் இந்த ஆண்டுத் தேர்வு எழுத முடியாது. துறையின் சாதனைப் பலகையிலிருந்து பெயர் எடுக்கப்பட்டுவிட்டது. இவ்வளவும் ஒரு பக்கம்.

எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. அவளைத் திருடியாக்கிவிட்டால் வரைபடம் யாருக்கு? பாடத்திட்டக் குறிப்பேட்டிலிருந்து நான்கு தாள் கிழித்து அங்கேயே உட்கார்ந்து பேராசிரியருக்கு எழுதினேன். என் மகளின் உழைப்பை உங்கள் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளத்தான் இந்த நாடகமா என்று கேட்டேன். அந்த வீட்டை அளந்தபோது டேப்பின் ஒரு முனையைப் பிடித்தவள் நான் என்றும் எழுதினேன். கணவரிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். ஆனால் அவருக்கு அப்போது மாஹேயில் உத்தியோகம். அவர் பதில் வர ஒரு வாரம் ஆகும். அன்று மாலைத் தபாலிலேயே சேர்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் சுவரில் மாட்டியிருந்த அந்த வரைபடத்தின் நகலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த வீடு அரசலாற்றுப் பக்கம், பூட்டிக் கிடந்த பழைய மாடிவீடு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு நாள் நானும் அவளும் அளந்தோம். நான் டேப்பின் முனையைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பேன், அவள் மறுமுனையில் நின்று எண்ணைச் சொல்லிக்கொண்டே குறிப்பாள். கீழ்த்தளம் முழுக்க. மாடிக்கு நாங்கள் ஏறவில்லை. படிக்கட்டு ஏழாவது படியோடு இடிந்திருந்தது. ஆனால் சுவரில் தொங்கிய படத்தில் மாடி முழுதாக இருந்தது. அறைகள், சன்னல்கள், உத்தரம் உத்தரமாக. மூன்று மாதமாக வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் வரவில்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கீழ் மூலையைப் பார்த்தேன். எறும்பு அளவு ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்: மாடி, ஆதாரம், மேரி, காரைக்கால்.

கத்தோலிக்கர் நாங்கள். எங்கள் தெருவில் நின்று மேரி என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கடிதம் சொன்ன அந்த மேரி பக்கத்து ஊரான நெரவிப் பெண், எனக்குத் தெரிந்தவள். அதே விடுமுறையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியவள். என் மகளும் அவளும் ஒரே வரைபலகையின் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து உட்கார்ந்திருந்தபோது நான்தான் காப்பி போட்டுக் கொடுத்தேன். பேராசிரியருக்கு நான் எழுதிய நான்கு பக்கம் அந்நேரம் ரயிலேறியிருக்கும்.

புதன்கிழமை மாலை மகள் வந்து இறங்கினாள்.

"என்னடி, திடீர்னு?"

"படிக்க லீவு விட்டுருக்காங்கம்மா."

முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கடிதம் என் அலமாரியில் புடவை மடிப்புக்குள் இருந்தது. நானும் சொல்லவில்லை. அவளாக உண்மையைச் சொல்கிறாளா பார்ப்போம் என்று நினைத்தேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டோம். முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பிள்ளை பொய் சொல்வாள் என்று இருபது ஆண்டில் நான் நினைத்ததில்லை. இப்போது கண்ணெதிரே சொல்கிறாள். ஒன்று சொன்னவள் இன்னொன்று சொல்லமாட்டாளா?

வியாழக்கிழமை அதிகாலை அவள் பூசைக்குப் போனாள். மணிச்சத்தம் ஓய்ந்ததும் அவளுடைய பெட்டியைத் திறந்தேன்.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன், மடிப்புக் கலையாமல். அடியில் அளவெடுத்த நோட்டு இருந்தது. கீழ்த்தளத்து எண்கள், பக்கம் பக்கமாக. ஒரு பக்கத்தில், "அம்மாவுக்குக் கை வலி. நாளை மீதி." அதைத் தாண்டி இரண்டு பக்கம் தள்ளி இருந்தது நான் தேடியது:

"மேரிக்குப் போனேன். மாடி ப்ளான் இருக்கிறது. நாளையும் போகணும். ட்ரேஸ் பண்ண ரெண்டு நாள்."

"மேரியிடம் போனேன்" என்று என் மனம் தானாகத் திருத்தியது. விடுதியில் இருந்து இவளுக்குத் தமிழ் கெட்டுவிட்டது என்றுகூட நினைத்தேன். முந்தா நாள்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்தியிருந்தேன். அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். நான் தேடியது பிழையை அல்ல, குற்றத்தை. அது கிடைத்ததும் நோட்டை மூடிவிட்டேன்.

அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்கு வந்தால் என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்கிறாள்.

வெள்ளிக்கிழமை மாலை கேட்டுவிட்டேன். தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"மாடிய யாருடி வரைஞ்சது?"

சீப்பு நின்றது. "யாரு கேக்குறா?"

"நான்தான் கேக்குறேன். நாம மாடிக்கு ஏறவே இல்லையே. படி இடிஞ்சு கிடந்துச்சே."

"லெட்டர் வந்துருச்சா?" என்றாள். என் கண் அலமாரிக்குப் போனது. "எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கிழம."

"நான் வர்றதுக்கு முன்னாடியே. தெரிஞ்சுக்கிட்டே குழம்பு ஊத்துன."

"பேச்ச மாத்தாத. அதை வரைஞ்சது யாரு?"

"நான்தாம்மா. நான் மட்டும்தான். எங்கேருந்து எடுத்தேன்னு ஷீட்லயே எழுதியிருக்கேன். யாரு உதவினான்னு கேட்டாங்க, யாருமில்லன்னேன். அவ்ளோதான் கேட்டாங்க. அப்பறம் வெளியில நில்லுன்னுட்டாங்க."

"ஷீட்ல என்ன எழுதியிருக்கேன்னு பாத்துட்டேன்."

"பாத்துட்டும் கேக்குறியா?"

இதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். அவளோ, அவ்வளவு தெளிவாக எழுதியிருந்ததைப் படித்த பிறகும் தன் தாய் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டாள். "நீயும் அவங்க மாதிரிதாம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றும் மறுநாள் காலையும் நான் போட்ட கணக்குகளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நெரவிப் பெண்ணின் வீட்டுக்குப் போய் அவள் தாயைக் கேட்கலாமா? பேராசிரியரின் காலில் விழலாமா? அவருக்கு எழுதிய நான்கு பக்கத்தை எப்படித் திரும்ப வாங்குவது? பள்ளியில் லட்டு தின்றவர்கள் என்னென்ன பேசுவார்கள்?

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஒருவர், வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்ட இறங்கினார். கையில் சுருட்டிய ஒரு தாள், சட்டைப் பையில் என் கையெழுத்துள்ள உறை. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இரவு பஸ் பிடித்து வந்திருக்கிறார். நாற்காலியைக் காட்டினேன்.

அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"உங்க லெட்டரைப் படிச்சுட்டு நேர்லயே பார்த்துடலாம்னு கிளம்பிட்டேம்மா. முதல்ல அந்த மேரியைக் கண்டுபிடிக்கணும்னு பஸ் ஸ்டாண்டுல இந்த ரிக்‌ஷாக்காரரைக் கேட்டேன். 'மேரிதானே சார், ஏறுங்க, சீக்கிரம் போவணும், சனிக்கிழம பன்னெண்டு மணிக்கு மூடிருவாங்க'ன்னார். ஒரு பொம்பளைய எப்படிய்யா மூடுவாங்கன்னு எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. என் மாமனார் பிறப்புச் சான்றுக்கு எத்தா சிவில் என்பார். வரி கட்டப் போகும்போதெல்லாம் "மேரிக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் குடையை எடுப்பார். பிரெஞ்சில் நகராட்சி அலுவலகத்துக்கு அதுதான் பெயர்; பிரெஞ்சுக்காரர்கள் போய், அது முனிசிபாலிட்டி ஆகி, எங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் மறைந்துபோயிருந்தது. தாத்தாவின் மடியில் வளர்ந்தவள் வாயிலிருந்து மறையவில்லை.

"வாசல்ல இறங்கி அண்ணாந்து பார்த்தேன்," என்றார் பேராசிரியர். "முனிசிபாலிட்டி போர்டுக்கு மேல, சுண்ணாம்புக்கு அடியில பழைய எழுத்து. எம், ஏ, ஐ, ஆர், ஐ, ஈ. அங்க ரெக்கார்டு பார்க்கிற பெரியவர் உங்க பொண்ணை ஞாபகம் வச்சிருக்கார். அந்த வீட்டோட பழைய ப்ளானை எடுத்துக் காட்டினார். வந்து பார்த்ததுக்கு நோட்டுல ரெண்டு நாளும் அவ மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கா."

உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க. நாலு பக்கம், ஒரு எழுத்துப் பிழை இல்ல. இதுல பாதி சரிதாம்மா. கட்டுரையில அவ பேரை நான் போட்டிருக்கணும். போடல."

அறைக் கதவு திறந்திருந்தது. மகள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த தாளை விரித்து, மூலையில் இருந்த அந்த எறும்பெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"கேட்டுக் கேட்டே பழகின வார்த்தையை எழுதிப் பார்த்ததே இல்லை போலிருக்கு. பொண்ணு பேர் மாதிரி எம், ஏ, ஆர், ஒய்னு எழுதியிருக்கே; ஸ்பெல்லிங் தப்பு, அதுக்கு அரை மார்க் குறைப்பேன். மத்ததெல்லாம் உன்னோடது. திங்கக்கிழமை வந்து சாதனைப் பலகையில உன் பேரை நீயே எழுதும்மா."