கறை இல்லாத படங்கள்

மாதேஸ்வரிக்கு அந்த வேலையை யாரும் பெயர் வைத்துக் கொடுக்கவில்லை. ஓசூர் சிப்காட்டில், மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைத் தாங்கும் அலுமினியக் கைகளை வார்க்கிற கம்பெனி அது. ஆறு வருஷத்துக்கு முன் பெருக்கித் துடைக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். சோதனைக் கூடத்தில் துண்டுகளுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவன் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டான். கூடத்துப் பொறுப்பாளர் ராஜசேகர் சுற்றிலும் பார்த்தார். வாளியோடு நின்றவள் கண்ணில் பட்டாள். "இந்தம்மா பேசாது, வேலையில கவனம் இருக்கும்" என்று சொல்லி அவளை உட்கார வைத்தார்.

அவள் பேசமாட்டாள் என்பது உண்மைதான். குருபரப்பள்ளியிலிருந்து காலை ஏழு மணிக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் சரியான சில்லறையை நீட்டுவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கல்யாணம் ஆகும்வரை ராயக்கோட்டை மண்டியில் தக்காளி பொறுக்கியவள். கிரேட்டின் மேல் வரிசைக்கு நல்ல காயாகத் தேடி, காம்பு ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்குவது அங்கே அவளுடைய வேலை. வாய்க்குப் பதிலாக அவளுக்குக் கண் இருந்தது. துண்டின் ஓரத்தைப் பார்த்தே அதை அறுத்தவர் யார் என்று சொல்லிவிடுவாள், யாராவது கேட்டால். யாரும் கேட்டதில்லை.

வேலை இதுதான். வார்த்த கை வளைகிற இடத்திலிருந்து பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துண்டு அறுத்து வரும். அதைக் கறுப்புப் பிசினில் பதித்து வில்லையாக்க வேண்டும். சொரசொரப்பான எமரித் தாளில் தொடங்கி நாலு தாளில் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் வில்லையைக் கால்வட்டம் திருப்பினால்தான் முந்தின கீறல் போகும். பிறகு சுழலும் வெல்வெட் துணியில் வெள்ளைப் பசை போட்டு மெருகு. கழுவி, சூடான காற்றில் உலர்த்தி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தால் உலோகத்தின் உள்முகம் தெரியும். வெள்ளை வயலும் சாம்பல் வரப்புமாக, உயரத்திலிருந்து பார்க்கிற ஊர்போல. அதில் பத்து இடத்தைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட வேண்டும்.

சேர்ந்த முதல் வாரம் அவள் எடுத்த படங்களைப் பார்த்து ராஜசேகர் கத்தினார்.

"என்னம்மா இது, சுத்தியும் கறை? துடைக்கத் தெரியாதா? கறையோட ஒரு படம்கூட என் டேபிளுக்கு வரக்கூடாது. புரியுதா?"

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு வரவில்லை. மூன்று முறை கழுவினாலும் சில இடங்களில் பழுப்புக் கறை படிந்தே இருக்கும். தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வாள். மைக்ரோஸ்கோப்பின் திருகைத் திருப்பி, கறை இல்லாத நல்ல இடம் வரும்வரை துண்டை நகர்த்தி, அங்கே படம் எடுப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ரூபா வந்தாள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். வீட்டில் கன்னடம், வெளியில் கலந்த தமிழ். வார்த்த கை எத்தனை முறை வளைந்து நிமிர்ந்தால் உடையும் என்பதை, அதை உடைக்காமலே கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. உலோகத்தின் உட்படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிக் காட்டி கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும். அந்தப் படங்களுக்குத்தான் இங்கே வந்தாள்.

"அக்கா, நீங்க எடுக்கிற படம் எவ்ளோ சுத்தமா இருக்கு, கொத்தா, தெரியுமா? எங்க லேப்ல இப்படி யாரும் எடுக்கறதில்லை" என்று ரூபா ஒரு நாள் சொன்னாள். மாதேஸ்வரி அன்றைக்கு முழுவதும் அதை மனசுக்குள் வைத்திருந்தாள். நூற்று எண்பத்து நாலு துண்டு, ஆயிரத்து எண்ணூற்று நாற்பது படம். ஒவ்வொரு வில்லையின் முதுகிலும் எண்ணும் வார்த்த தேதியும் கீறி, மேசை இழுப்பறையில் வரிசையாக வைத்திருந்தாள்.

சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. புதிதாக வார்த்த ஐந்து கைகளை, வளைத்து வளைத்து உடைக்கும் இயந்திரத்தில் மாட்டினார்கள். நாலு லட்சம் முறை தாங்கும் என்று ரூபாவின் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. முதல் கை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் உடைந்தது. இரண்டாவது ஒரு லட்சத்து முப்பதாயிரத்தில். ஐந்தில் ஒன்றுகூட ஒன்றரை லட்சத்தைத் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ராஜசேகரும் ரூபாவும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மெருகுச் சக்கரத்தருகே மாதேஸ்வரி இருந்ததை இருவரும் பொருட்படுத்தவில்லை.

"படத்துல ஒரு ஓட்டைகூட இல்லை சார். இந்த மெட்டல் இப்படி உடையவே கூடாது" என்றாள் ரூபா.

"அப்ப படத்துக்குக் குடுத்தது நல்ல மெட்டல், உடைக்கக் குடுத்தது கெட்ட மெட்டல். மணிவேல் ஏமாத்திட்டான். கேஸ் விடுற நேரத்தைக் கொறைச்சிருக்கான்."

மணிவேல் உலையில் பதினோரு வருஷமாக இருப்பவர். ஜூஜுவாடிக்காரர். உருகிய அலுமினியம் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் குமிழி குமிழியாக உள்ளே வைத்துக்கொள்ளும். குழாய் விட்டுப் பத்து நிமிஷம் நைட்ரஜன் கேஸை ஓட்டினால்தான் குமிழி வெளியே போகும். அதைச் செய்வது அவர் பொறுப்பு.

கூப்பிட்டு விசாரித்தார்கள். மணிவேல் வந்த கோபத்தில் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம் சார். ஒன்னுக்குக்கூடப் போகாம நின்னு விடுறேன்."

"அப்ப எப்படிய்யா உடையுது?"

"கம்ப்யூட்டரைக் கேளுங்க. அதுதானே எல்லாம் சொல்லுது."

அது ராஜசேகருக்குச் சுருக்கென்று தைத்தது. சனிக்கிழமைக்குள் தவறை ஒப்புக்கொண்டு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், திங்கள் முதல் உலையில் வேறு ஆள், மணிவேலுக்குப் பிசிறு தேய்க்கும் இடம் என்று முடிவாயிற்று. சாயங்காலத்துக்குள் வார்ப்புக்கூடம் முழுவதும் செய்தி போய்விட்டது. "என்னா மணியண்ணா, கேஸை வூட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டியா, தோசை சுட?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

உடைந்த கைகள் கூடத்து மேசையிலேயே கிடந்தன. எல்லோரும் போன பிறகு மாதேஸ்வரி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கை வளைகிற தடித்த மூலையில்தான் முறிவு. முறிந்த முகத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது உருண்டையாக இல்லை. சிலந்தி காலை விரித்து உட்கார்ந்த மாதிரி கோணல்மாணலான ஓட்டை. மற்ற நாலிலும் அதே இடம், அதே சிலந்தி.

இந்தச் சிலந்தியை அவளுக்குத் தெரியும்.

இழுப்பறையைத் திறந்து ஒன்றாம் எண் வில்லையை எடுத்தாள். இரண்டு வருஷம் பழையது. லேசாக மெருகு போட்டு, கழுவி, துடைத்து, காற்றில் காட்டி, தடித்த மூலை தெரியும்படி மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். சிலந்தி இருந்தது. திருகைத் திருப்பி நகர்த்திவிடாமல், முதல் தடவையாக அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் சுற்றிலும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. ஒரு நிமிஷம் போனது. ஓட்டையின் உதட்டிலிருந்து ஈரம் மெல்லக் கசிந்தது. பரவிக் காய்ந்து பழுப்பாயிற்று.

கறை அவள் கையிலிருந்து வரவில்லை. கழுவின தண்ணீர் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்து, பிறகு வெளியே வருகிறது. கறை இருக்கிற இடமெல்லாம் ஓட்டை இருக்கிற இடம். கறையைத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு, ரூபாவின் கம்ப்யூட்டருக்கு ஓட்டையே இல்லாத உலோகத்தை இரண்டு வருஷமாகக் காட்டியிருக்கிறாள்.

மணிவேல் என்றைக்கும்போலத்தான் ஊற்றியிருக்கிறார். அதைச் சொல்ல ஒரே ஆள்தான் இருக்கிறாள். சொன்னால் அந்த நாற்காலி போய், வாளி திரும்பி வரும்.

வீட்டில் புருஷன் வெங்கடப்பன் விஷயத்தைக் கேட்டு, சோற்றில் கையை வைத்தபடியே அவளைப் பார்த்தான்.

"கல்யாணம் ஆயி இருவது வருஷத்துல எங்கிட்டயே நீ நாலு வார்த்தை சேர்ந்தாப்பல பேசனதில்ல. வாயைத் தொறக்கறதுன்னு ஆனா இதுக்குத்தான் தொறப்பியா?"

"அவரு ஒன்னும் பண்லியே."

"நீ மட்டும் பண்ணியா? சொன்னாங்கோ, செஞ்சே."

புதன், வியாழன் இரண்டு நாளும் ராஜசேகர் எதிரே போய் நின்று, எழுதுபொருள் வேண்டும் என்று எதையோ கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பேச்சை நம்புவதை விட்டுவிட்டாள். பழைய வில்லைகளில் ஒன்பதை எடுத்து, தடித்த மூலையை மெருகு போட்டு, தேதி வாரியாக மேசையில் அடுக்கினாள். ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள்.

"மேடம், கொஞ்சம் வாங்க."

ரூபா லேப்டாப்பிலிருந்து திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இந்தக் குரல் தன்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வந்து கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"இது உடைஞ்ச கையா அக்கா?"

"இல்லீங்க. ஒண்ணாம் நம்பரு."

"ஒண்ணா? ஒண்ணாம் நம்பர்ல ஓட்டையே இல்லையே. பத்துப் படமும் எங்கிட்ட இருக்கு."

"இந்த எடத்தை நான் எடுக்கலீங்க. கறை வருதுன்னு தள்ளிட்டேன். எல்லாத்துலயும் தள்ளிட்டேன்."

ரூபா அடுத்த வில்லையைப் பார்த்தாள், அதற்கடுத்ததை. ஒன்பதையும் பார்த்து முடித்தாள். பிறகு, "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம் அக்கா. என் ரெண்டு வருஷம்." கண் கலங்கிவிட்டது. மாதேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நகரவில்லை.

சத்தம் கேட்டு ராஜசேகர் வந்தார். கேட்டதும் முகம் சிவந்தது. "யாரும்மா உன்னைத் தள்ளச் சொன்னா?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"மொத வாரம். வியாழக்கிழமை. கறையோட ஒரு படம்கூட டேபிளுக்கு வரக்கூடாதுன்னீங்க." நிறுத்தினால் பிறகு வராது என்று தெரிந்து, தொடர்ந்தாள். "மணியண்ணன் ஊத்துனதுல ஒண்ணும் மாறல சார். இந்த ஓட்டை மொதல்ல இருந்தே இருக்குது. அதுவும் உருண்டையா இல்ல, பாருங்க. சிலந்தி மாதிரி இருக்குது."

அழுதுகொண்டிருந்த ரூபா அதைக் கேட்டு மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். "சார், அக்கா சொல்றது சரி. கேஸ் குமிழின்னா உருண்டையா இருக்கும். இது சுருக்கத்துல வர்ற ஓட்டை. தடிமனான இடம் கடைசியில குளிருது, அதுக்கு ஊட்ட மெட்டல் கிடைக்காம உள்ளே கிழிஞ்சு போகுது. இது மோல்டுல, வார்க்கிற அச்சுல இருக்கிற கோளாறு. உலையில இல்லை."

ராஜசேகர் மூன்று வில்லைகளைப் பார்த்தார். மேசைக்குப் போய் அந்தக் கடிதத்தை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். மாதேஸ்வரியை நாற்காலியிலிருந்து எழச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நூற்று எண்பத்து நாலு துண்டுகளுக்கும் மறுபடி யார் மெருகு போடுவது?

திங்களன்று அந்த வேலை தொடங்கியது. இந்த முறை இடத்தை அவள் தேர்ந்தெடுக்கக் கூடாது. ரூபா ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தாள். கட்டத்தின் புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே படம், கறையோ கிறையோ. மாதேஸ்வரிக்கு முதல் நாள் விரல் தானாகவே திருகைத் திருப்பப் போய் நின்றது. ஐந்து வாரம் ஆயிற்று. புதுப் படங்களைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர், அதே ஐந்து கைகளுக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்றது. "இன்னும் கூடத்தான் சொல்லுது அக்கா. பரவால்லை, இப்ப எங்கே தப்புன்னு தேடலாம்" என்றாள் ரூபா. அவள் கோபம் முழுசாகப் போகவில்லை என்பது மாதேஸ்வரிக்குத் தெரியும். 'அக்கா' என்பதற்கு முன் இப்போதெல்லாம் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது.

மணிவேல் உலையிலேயேதான் இருந்தார். ஆனாலும் வார்ப்புக்கூடத்தில் தோசைப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. ஒரு நாள் டீ நேரத்தில் கையில் கிளாஸோடு கூடத்துக்குள் வந்து நின்றார்.

"ஏம்மா, ரெண்டு வருஷமா உனக்குத் தெரியுமாமே?"

"தெரியாதுண்ணா. பாத்தேன். தெரியல."

"அதென்னா பேச்சு? பாத்தா தெரியாதா?"

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். மணிவேல் உட்கார யோசித்தார். பேண்ட்டில் கரி இருந்தது. பிறகு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். பதினோரு வருஷம் ஊற்றிய உலோகத்தை அவர் உள்ளே பார்த்ததில்லை.

"இந்தக் கறுப்பு?"

"அது மோல்டுது. தடி எடத்துல வர்றது."

அவள் திருகைக் கொஞ்சம் திருப்பினாள். வெள்ளை வயல் நகர்ந்து, கடுகைப்போல உருண்டையான ஒரு புள்ளி வந்து நின்றது.

"இது உங்களுது."

மணிவேல் விறைத்து நிமிர்ந்தார். "எது?"

"உருண்டையா இருக்கறது கேஸு. இதுல ஒண்ணுதான். எட்டாம் நம்பருல ஆறு இருக்குது."

அவர் சண்டைக்கு வருவார் என்று அவள் நினைத்தாள். அவர் கிளாஸை மேசையில் வைத்தார். "எட்டு என்னிக்கு ஊத்துனது?"

வில்லையின் முதுகைப் பார்த்துத் தேதியைச் சொன்னாள். மணிவேல் விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார்.

"அது தீவாளிக்கு முந்தின வாரம். நாலு நாள் மழை. உருக்கற அலுமினியப் பாளமெல்லாம் வெளியிலயே கெடந்து நனைஞ்சுது. காய வெச்சிட்டுப் போடலாம்னேன், லோடு அவசரம்னாங்கோ." சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். "அதை எடும்மா. எட்டாம் நம்பரை வை, பாக்கறேன்."