கேன்டீன் வாசலில் பத்து நாள்

நான் கல்லூரி அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். குத்தாலம் பக்கத்தில் நரிக்குறவர் பிள்ளைகளுக்கான பள்ளியில் சமையல் செய்பவர்; அவரும் அந்தச் சமூகம்தான். குட்டையான உருவம், நெற்றி நிறையக் குங்குமம். அங்கே பிளஸ் டூ முடித்து எங்களிடம் சேர்ந்த இரண்டு பெண்களோடு தினமும் பஸ்ஸில் வந்து, கேன்டீன் வாசல் பெஞ்சில் மாலைவரை உட்கார்ந்திருப்பார். யார் கடந்துபோனாலும் "சாப்பிட்டாச்சா?" என்பார். எங்கள் முதல்வரே நின்று, "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

"தினம் எதுக்கும்மா வர்றீங்க?" என்று கேட்டேன்.

"போன வருசம் சேர்ந்த பிள்ளைங்க, பேச ஒரு ஆளில்லன்னு ஒரே வாரத்துல திரும்பி வந்துட்டாங்க சார். அதான் லீவு போட்டுட்டு நானே வந்துட்டேன்."

பத்தாம் நாள் அந்தப் பெண்கள் புதுத் தோழிகளோடு சிரித்துப் பேசியபடி, அவரைத் தெரியாதவர்கள் போலக் கடந்துபோனார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவரோ வாய்விட்டுச் சிரித்தார்.

"பார்த்தீங்களா சார், என்னைக் கண்டுக்கவே இல்ல! இனிமே பயமில்ல. நான் கிளம்புறேன்."

அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார். தன்னைக் கண்டுகொள்ளாமல் போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.