செந்தமிழ்ச்செல்வி தரையில் உட்கார்ந்து வாங்கிய லேப்டாப்

கள்ளக்குறிச்சியில் விசேஷ வீட்டு ஆல்பம் போடுகிறவர்கள் நடுவில் செந்தமிழ்ச்செல்விக்குத் தனிப் பேர் உண்டு. அவள் கை பட்ட ஆல்பத்தில் பந்தியில் உட்கார்ந்தவர் வாயைப் பிளந்துகொண்டு இருக்க மாட்டார். தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே நீட்டிய எவனோ ஒருவனின் கை மாயமாகியிருக்கும். எலவனாசூர்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த மறு வருஷம் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவள், பதினோரு வருஷம் ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால், ஒரே சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த பேர் அது.

போன தை மாதம் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இனி சொந்தமாகப் படம் எடுத்து, சொந்தமாக ஆல்பம் போடுவது என்று முடிவு. கேமரா ஏற்கனவே கையில் இருந்தது. கடை கிடையாது. கடைக்குப் பதிலாக அவளிடம் ஒரு யோசனை இருந்தது. எந்தப் படம் ஆல்பத்தில் வரவேண்டும் என்று தேர்வு செய்ய ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு டவுனுக்கு வருகிறார்கள். வேனில் பத்துப் பேர் வந்தால் ஸ்டுடியோவுக்குள் மூன்று பேருக்குத்தான் இடம். மீதிப் பேர் வெளியே நின்று கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுக்கே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன? மொத்த சொந்தபந்தமும் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்குப் பெரிய திரை வேண்டும். அதுவும் அவள் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும்.

யோசனையைச் சோதித்துப் பார்க்க வந்தது போல முதல் வேலையே மலையிலிருந்து வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் பச்சையம்மாளின் இரண்டாவது மகளுக்கு மஞ்சள் நீராட்டு. செல்வி போய்ப் படம் எடுத்துவிட்டும் வந்தாள். எடுத்ததில் சிக்கல் இல்லை. சிக்கல் தாய்மாமன் சின்னராசு.

இரண்டு வருஷத்துக்கு முன் மூத்த பெண்ணின் சடங்குக்கு ஆல்பம் போட்டதும் செல்விதான், ஸ்டுடியோவில் இருந்தபோது. படம் தேர்வு செய்ய வந்த சின்னராசு, வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தன் முகம் கரியைப் பூசினது போல இருக்கிறதே என்று கேட்டார். செல்வி பார்த்தாள். அவளுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் வாடிக்கையாளர் சொல்கிறாரே என்று வெளிச்சத்தைக் கூட்டினாள். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கூட்டினாள். ஆல்பம் அச்சாகி வந்தபோது சீர்த்தட்டோடு நின்றவர் மாவு மில்லிலிருந்து எழுந்து வந்தவர் போல இருந்தார். ஊரில் அவருக்குப் பவுடர் மாமன் என்று பேர் விழுந்தது. ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். செல்வியும் அப்படித்தான் நினைத்தாள்.

இந்த முறை தங்கை பச்சையம்மாளின் பிடிவாதத்துக்காகத்தான் அவர் செல்வியை மலையேற விட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நம்ம வூட்டுல, எல்லாரும் பார்க்கச்சொல்ல காட்டணும். நான் பார்க்கிற மூஞ்சிதான் புக்குல வரணும். மறுபடியும் மாத்தி வந்துச்சுன்னா, கீழேர்ந்து எந்தப் படக்காரங்களும் இந்தப் பக்கம் வரத் தேவயில்ல."

அவர் சொன்னால் அந்தப் பக்கத்து ஐந்தாறு ஊரில் கேட்பார்கள். ஆவணிக்குள் அங்கே மூன்று விசேஷங்கள் இருப்பதும் செல்விக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை படம் காட்ட வருவதாகச் சொல்லிவிட்டாள். லேப்டாப் இன்னும் வாங்கவில்லை.

வாங்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. மூன்று வாரமாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி எழுதி, கடைசியில் இரண்டில் வந்து நின்றிருந்தாள். இரண்டும் ஒரே கடையில் இருந்தன. ஒன்று கறுப்பு, பதினேழு அங்குலத்துக்கும் மேல். மற்றது சாம்பல் நிறம், பதினாறு அங்குலம். விலை, ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம், அதுவும் கறுப்புதான் கம்மி. இரண்டும் ஒரே வேகம், ஒரே கொள்ளளவு. கறுப்போடு பை ஒன்று இலவசம். கடையில் வேலை பார்க்கும் ஜான், நான்காவது தடவையாக அவளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். அவன் ஏமாற்றுகிற ஆள் இல்லை. பெரிய திரைதான் வேண்டும் என்றால் கறுப்பை எடுங்கள் அக்கா என்றான். செல்வியின் கணவன் சுபாஷ், டாடா ஏஸ் ஓட்டுகிறவன், வீடியோ பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தான். அவன் வோட்டும் கறுப்புக்குத்தான்.

"ஒரு அங்குலம் ஜாஸ்தி வருது, துட்டும் கம்மி. இதுக்குப் போய் மூணு வாரம் யோசிச்சிக்கினு இருக்கியே. என்னைக் கட்டிக்க இவ்வளவு யோசிச்சியா?"

"அப்ப யோசிக்காததாலதான் இப்ப யோசிக்கிறேன்" என்றாள் செல்வி.

சனிக்கிழமை மதியம் அது. பென் டிரைவில் கொண்டுவந்திருந்த படத்தை இரண்டு லேப்டாப்பிலும் திறந்தாள். சின்னராசு அரக்குக்கரை போட்ட மஞ்சள் சேலையைத் தட்டில் ஏந்தி நிற்கும் படம். அதையே போட்டோ லேபில் ஒரு பிரதி அச்சடித்தும் வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, அச்சுப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தாள். கறுப்பில் மஞ்சள் தகதகவென்று இருந்தது, சேலை பட்டாகவே மின்னியது. சாம்பல் கொஞ்சம் அடக்கம்தான். கறுப்புக்கே பில் போடச் சொன்னாள். ஜான் புதுப் பெட்டியை எடுக்க உள்ளே போனான்.

பென் டிரைவைப் பிடுங்கும்போது அதன் மூடி கை தவறி மேஜைக்கு அடியில் உருண்டது. செல்வி குனிந்து, முட்டி போட்டு, அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மேஜை விளிம்புக்கு மேலே கறுப்பு லேப்டாப்பின் திரை தெரிந்தது. சின்னராசுவின் முகம் அடுப்புச் சட்டியின் பின்பக்கம் போல இருந்தது.

எழுந்து நின்று பார்த்தாள். முகம் சரியாக இருந்தது. மறுபடி குந்தினாள். கரி. பக்கத்தில் இருந்த சாம்பல் லேப்டாப்பில் அதே முகம், குந்தினாலும் அப்படியே இருந்தது.

அந்த இடத்திலேயே, முட்டி போட்டபடியே, ஸ்டுடியோவின் தாழ்வான பெஞ்சு அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பழைய மானிட்டரும் இந்தக் கறுப்பு ரகம்தான், மேஜை மேல் உயரத்தில் இருக்கும். எதிரே நாற்காலியில் அவள். கீழே பெஞ்சில் ஜனங்கள். பதினோரு வருஷத்தில் எத்தனை பேர் கறுப்பாகத் தெரிகிறது என்று சொல்லியிருப்பார்கள்! எத்தனை முகத்துக்கு அவள் வெள்ளை அடித்திருப்பாள்! அவர்கள் கண்ணில் கோளாறு இல்லை. ஒருநாளாவது அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சின்னராசு உண்மையைத்தான் சொன்னார்.

பெட்டியோடு வந்த ஜான், செல்வி கடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டான். இரண்டு லேப்டாப்பையும் ஒரே உயரத்தில் இரண்டு ஸ்டூல் மேல் வைக்கச் சொன்னாள். சுபாஷ் வாசல் பக்கம் திரும்பி, இவள் யாரோ என்பது போல ஃபேன் விலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

அவள் ஒருத்தி பார்த்தால் போதாது. தியாகதுருகத்திலிருந்து மிக்சி வாங்க வந்து பில்லுக்காகக் காத்திருந்த ராஜாம்பாள் என்ற அம்மாவையும், அவள் கூட வந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களுக்கு உற்சாகமாகிவிட்டது. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, விசேஷ வீட்டுக்கு வந்தவர்கள் போல வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"அந்த மாமன் கையில இருக்கிற சேலைக்குக் கரை இன்னா நிறம்?" என்று கறுப்பைக் காட்டிக் கேட்டாள் செல்வி.

"கறுப்பு" என்றாள் ராஜாம்பாள். "சடங்கு வூட்டுக்கு எவனாவது கறுப்புக் கரை எடுத்துக்கினு வருவானா? என் தம்பியா இருந்தா அங்கயே கிழிச்சிருப்பேன்."

சாம்பலைக் காட்டினாள். மூன்று பேரும் ஒரே குரலில் அரக்கு என்றார்கள்.

ஜான் விட்டுக்கொடுக்கவில்லை. கறுப்பு லேப்டாப்பின் திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்தான். இப்போது பாருங்கள் என்றான். தரையில் இருந்தவர்களுக்குக் கரை அரக்காகிவிட்டது. அவனுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் ராஜாம்பாளின் வீட்டுக்காரர் தங்கதுரை, பின்னால் தூணில் சாய்ந்து நின்றபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இப்ப அந்த ஆளு சுண்ணாம்பு அடிச்சாப்பல கீறாரு."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ஜானும் சிரித்துவிட்டான். மூன்று வருஷமாக லேப்டாப் விற்கிறேன், ஒருத்தர்கூடத் தரையிலிருந்து பார்த்ததில்லை அக்கா என்றான். உன் கடையில் நாற்காலி போட்டிருக்கிறாய், மலையில் இருபது பேருக்கு யார் நாற்காலி போடுவார்கள் என்றாள் செல்வி. எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சாம்பலுக்குப் பில் போடச் சொன்னாள். ஓர் அங்குலம் போச்சு, பையும் போச்சு என்று சுபாஷ் வழியெல்லாம் புலம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் வழியாக பைக்கில் ஏறினார்கள். வளைவுகளில் சுபாஷ் நிதானமாகத் திருப்ப, செல்வி லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். நேற்றிருந்த தெம்பு வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே வந்தது. கடைக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தது வேறு. மலையில், பகலில், வாசலைத் திறந்து வைத்த வீட்டில் எப்படித் தெரியுமோ? சின்னராசு ஒரு தடவை முகத்தைச் சுளித்தால் முடிந்தது கதை.

பச்சையம்மாள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். பதினெட்டுப் பேராவது இருந்தார்கள். செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, தானும் பாயில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். சடங்குப் பெண் முன்வரிசையில் இருந்தாள். பவுடர் மாமன் எங்கே என்று யாரோ பின்னாலிருந்து கேட்டதும் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. சின்னராசு காதில் விழாதது போல உள்ளே வந்து, திரைக்கு நேராக இருந்த இடத்தை விட்டுவிட்டு, இடதுபக்கச் சுவரோரமாக, எல்லோருக்கும் கடைசியில் போய் உட்கார்ந்தார். வேண்டுமென்றே செய்கிறார் என்று செல்விக்குப் புரிந்தது.

சீர் படத்தை முதலில் போட்டாள். எல்லோரும் படத்தைப் பார்க்காமல் சின்னராசுவைப் பார்த்தார்கள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து வலதுபக்கம் போய்க் குந்திப் பார்த்தார். வாசற்படியில் நின்று பார்த்தார். பிறகு நேராக லேப்டாப்புக்குப் பக்கத்தில் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் முன்கையைத் திரையில் இருந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெயிலில் காய்ந்த, நல்ல கறுத்த கை. திரையில் இருந்ததும் அதே நிறம். செல்வி லேபில் அச்சடித்த பிரதியை எழுந்து போய்க் கொடுத்தாள். அதையும் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒன்றாக இருந்தன.

"அன்னைக்கு நீங்க சொன்னது சரிதாங்க" என்றாள் செல்வி. "கறுப்பாத்தான் தெரிஞ்சிருக்கு. நான் எறங்கி வந்து பார்க்கல. தப்பு என்னோடதுங்க."

சின்னராசு அவளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இதாண்டா நான். நல்லா பார்த்துக்குங்க. இனிமே எவன் வாயிலயாவது பவுடர்னு வந்துச்சு, பந்தியில கறி கெடையாது."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குமுன்பே பச்சையம்மாள் அடுத்த படத்தைப் போடச் சொன்னாள். அதற்குப் பிறகு செல்வியால் வாய் திறக்க முடியவில்லை. இவள் அழகாக இருக்கும் படத்தில் அவள் கண்ணை மூடியிருந்தாள். அத்தை இருக்கும் படத்தில் பெரியம்மா இல்லை, பெரியம்மா இருக்கும் படம் வந்தே ஆகவேண்டும் என்று ஒரு சண்டை. நூற்றிருபது படம் போதும் என்று சொல்லி வந்தவள், நூற்று அறுபதில் கும்பிடு போட்டாள். மாமனுக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கம் என்று முடிவானது. அதை யாரும் எதிர்க்கவில்லை.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து, ஆவணியில் தன் மகனுக்குக் கல்யாணம் என்று தேதி சொன்னார். அவர் பின்னாலேயே காதுகுத்து வைத்திருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். இரண்டு பேரையும் சின்னராசுதான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முன்பணம் எவ்வளவு என்று அவர்கள் கேட்க, செல்வி கூச்சத்தோடு ஒரு தொகை சொல்ல, அவ்வளவு கம்மியாகச் சொன்னால் வேலை தெரியாதவள் என்று நினைப்பார்கள் என்று அவரே அதட்டினார்.

இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. மூன்றாவது வளைவு தாண்டியதும் செல்வி தனியாகச் சிரித்தாள். சுபாஷ் தலையைத் திருப்பாமலே இன்னா என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. நீ ரோட்ட பார்த்து ஓட்டு" என்றாள். அதற்கடுத்த வளைவிலும் சிரித்தாள்.