நாலு மணிக் கெட்டில்

தெல்மா ராட்டர் வேலைக்காலம் முழுவதும் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ரோடு கடத்திவிடக் கம்பு பிடித்து நின்றவள். மஞ்சள் கோட்டு, கம்பு நுனியில் 'நில்' என்ற வட்டத் தகடு, எந்நேரமும் மழை. அவள் கம்பை நீட்டினால் இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் ஊரில் பஸ்கூட நிற்கும். அப்பேர்ப்பட்டவள், புருஷன் போன பிறகு உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றுக்கு அடங்கிப் போனாள்.

கரண்டு மீட்டரோடு வரும் பெட்டி அது. வீட்டில் கரண்டு ஓடுவதைக் காட்டும். கொஞ்சம் ஓடினால் பச்சை, நிறைய ஓடினால் சிவப்பு. "அது பழுது, தொடாதே" என்று புருஷன் கிளிஃப் அதை மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தான். அடக்கம் முடிந்த வாரம் கத்தரிக்கோல் தேடப்போன தெல்மாவின் கையில் அது அகப்பட்டது. சமையலறை ஜன்னலோரம் வைத்துச் செருகினாள். கெட்டிலைப் போட்டாள், துணி மெஷினைப் போட்டாள். பெட்டி அசையவில்லை. அவள் என்ன செய்தாலும் அதற்கு உறைக்கவில்லை. கிளிஃபும் அப்படித்தான் இருந்தான் என்பது வேறு விஷயம்.

அன்று மாலை நாலு மணிக்கு அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது பெட்டி தானாகச் சிவந்தது. ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கும் நேரம் சிவந்திருந்து, பச்சைக்குத் திரும்பியது. மறுநாளும் அதே நேரம், அதே போல. அவளுக்குக் கை ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது.

நாலு மணி, அவள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ரோடு கடத்திவிட்டுக்கொண்டிருந்த நேரம். கிளிஃப் வீட்டில் தனியாகத் தேநீர் போட்டுக் குடிக்கும் நேரம். அவள் நனைந்து வந்து "ஒரு கப் போடவா?" என்று கேட்டால், "இப்பத்தான் குடிச்சேன்" என்பான்.

முதலில் பயந்தாள். பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, சொல்ல வெட்கம்தான், காத்திருக்க ஆரம்பித்தாள். நாலு மணிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டு, இரண்டு கோப்பை எடுத்து வைப்பாள். பெட்டி சிவந்ததும் எதிர் நாற்காலியைப் பார்த்து அன்றைய சமாசாரங்களைச் சொல்லுவாள். வாழ்ந்த காலத்தில் இவ்வளவு பேசியதில்லை.

இதற்கு முடிவுகட்ட வந்தவள் அக்கா மேவிஸ். வீட்டுக்குள் கோட்டோடு உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்ததும் கத்தினாள்.

"ஏன்டி, இது வீடா இல்ல மீன் கிடங்கா? ஹீட்டரைப் போடேன்!"

"காஸ் கட்டுப்படியாகல அக்கா."

"எப்படி ஆகும்? ஒப்பந்தம் முடிஞ்சதும் கம்பெனிக்காரன் உன்ன இருக்கிறதுலயே விலை கூடின கட்டணத்துல தள்ளிட்டான். சோம்பேறிங்களுக்குன்னே வச்சிருக்கான் அத. காஸும் கரண்டும் சேர்த்து வேற கம்பெனிக்கு மாத்து. ஊரே மாத்துது!"

"கம்பெனிய மாத்தவே கூடாது, மீட்டர்ல எவனையும் கை வைக்க விடாதேன்னு கிளிஃப் சொல்லுவான்."

"கிளிஃப் செத்துட்டான்டி. இன்னும் பில்லு அவன் பேர்லதான் வருதாக்கும்?"

வந்துகொண்டுதான் இருந்தது. இறந்துவிட்டான் என்று கம்பெனிக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. புதுக் கம்பெனி மீட்டரை மாற்ற வேண்டுமென்றது. பழைய மீட்டர் அவர்களுடைய கம்ப்யூட்டரோடு பேசாதாம். மீட்டர் போனால் பெட்டியும் போகும். பெட்டி போனால் அவன் போய்விடுவான்.

"நாலு மணிக்கு அவன் வர்றான் அக்கா" என்றாள் மெல்ல.

மேவிஸ் அவளையும் இரண்டு கோப்பைகளையும் பார்த்தாள். "வந்தா வரட்டும். நீ விறைச்சுச் செத்துட்டா அவனுக்கு யாருடி கோப்பை வைப்பா?"

அந்தக் குளிர்காலம் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசிலடித்தபோது தெல்மா இறங்கி வந்தாள். இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரு வருடத்துக்கு விலை மாறாத கட்டணத்தில் பதிந்தாள். மீட்டர் மாற்ற ஆள் வரும் நாளில் பெட்டியைத் துடைத்து வைத்து, "மன்னிச்சுடு கிளிஃப். குளிர் தாங்கல" என்றாள். அழுகையும் வந்தது.

வந்தவள் சமீரா, அதே ஊர்ப் பெண். "சின்ன வயசுல நீங்கதான் என்ன ரோடு கடத்திவிட்டீங்க, மிஸஸ் ராட்டர்" என்று சிரித்துக்கொண்டே மாடிப்படி அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். அதில் இரண்டு மீட்டர்கள். தெல்மாவின் கீழ்வீட்டுக்கு ஒன்று, மேல்வீட்டுக்கு ஒன்று. தெருவுக்கு இரண்டு கதவு, மேல்வீட்டுக்குத் தனிப் படிக்கட்டு, மீட்டருக்கு மட்டும் ஒரே அலமாரி. இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே இப்படித்தான். மேல்வீட்டில் இருந்தவள் ஐரீன் டாட்ஸ் என்ற விதவை. கிளிஃபுக்கு ஒரு மாதம் முன்னால் அவளும் போய்ச் சேர்ந்தாள். வாரிசுகளின் சண்டையில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

சமீரா ராட்டர் பேரிலிருந்த மீட்டரின் சுவிட்சை இறக்கினாள். சமையலறை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அதை ஏற்றிவிட்டு, மற்றதை இறக்கினாள். விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றினாள்.

"யாரோ மாத்திக் கோர்த்து வச்சிருக்காங்க. நீங்க எரிச்சதெல்லாம் மேல்வீட்டுப் பேர்ல இருக்கிற மீட்டர்ல ஓடியிருக்கு. உங்க பேர்ல இருக்கிறதுல மேல்வீட்டுக் கரண்டு ஓடியிருக்கு. அந்தப் பெட்டி இத்தனை நாளா மேல்வீட்டைத்தான் காட்டியிருக்கு." சமீரா நிமிர்ந்தாள். "மேல யாரு இருக்காங்க?"

"யாருமில்ல."

ராட்டர் பேரிலிருந்த மீட்டரின் சிவப்புப் பொட்டு அப்போது படபடவென்று சிமிட்ட ஆரம்பித்தது. ஜன்னலோரம் பெட்டி சிவந்தது. தலைக்கு மேலே, மெல்ல, தண்ணீர் சூடாகும் இரைச்சல் கேட்டது. மணி நாலு.

ஐரீன் வீட்டுச் சாவி கிளிஃபின் கோட்டு மாட்டியில் தொங்கியது. தனியாக இருப்பவள், விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று அவன்தான் வாங்கி வைத்திருந்தான். எவ்வளவு இரக்கமுள்ளவன் என்று தெல்மா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

சாவியை எடுத்துப்போய் மேல்வீட்டுக் கதவைத் திறந்தாள். படியில் தூசி படிந்திருந்தது, கால் தடம் ஒன்றுகூட இல்லை. உள்ளே நாற்காலிகளின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஜன்னலோரத்து இரண்டு நாற்காலிகளில் மட்டும் துணி இல்லை. அவற்றுக்கு நடுவே மேஜையில் இரண்டு கோப்பைகள். கெட்டில் கொதித்து அடங்கியிருந்தது.

சமீரா வாசல்படியைத் தாண்டவில்லை. "போயிடலாம் மிஸஸ் ராட்டர். ப்ளீஸ்."

தெல்மா உள்ளே போனாள். ஒரு கோப்பையில் பூ போட்டிருந்தது. மற்றதில் சிவப்பு வெள்ளைக் கோடு, பிடியில் சின்ன உடைசல். அவள் கிளிஃபுக்குப் பிறந்தநாளைக்கு வாங்கித் தந்தது. தோட்டத்தில் போட்டு உடைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தான். தொட்டாள். சுட்டது.

நாலு மணி. அவள் மழையில் கம்பு பிடித்து நின்ற நாலு மணி. பயம் போன இடம் தெரியவில்லை. தலை வாரிக் கோப்பை வைத்துக் காத்திருந்த சாயங்காலங்களை நினைத்தபோது வயிறு எரிந்தது. செத்த பிறகும் அவன் தன் வீட்டுக் கதவைத் தாண்டித்தான் மாடியேறியிருக்கிறான்.

கீழே வந்ததும் சமீரா கைக்கணினியைத் தட்டினாள். "உங்க கணக்க சரியான மீட்டருக்கு மாத்திடறேன். உங்க பேருலயே?"

"ஆமா, தெல்மா ராட்டர். ஒரு வருஷம் விலை மாறாதது."

"மேல்வீட்டுக்கு ஓடுற அந்த மீட்டர்? அதுக்கும் ஒரு பேரு வேணும்."

"கிளிஃபோர்டு ராட்டர். அவன் பேர்லதானே இருக்கு, அப்படியே விடு."

"பழைய கம்பெனியிலயேவா? அந்தக் கட்டணம் ரொம்பக் கூடவாச்சே."

"தெரியும்" என்றாள் தெல்மா. சமையலறைக்குப் போய் ஹீட்டரைப் போட்டாள். மேஜை மேலிருந்த இரண்டாவது கோப்பையை எடுத்து உள்ளே வைத்தாள்.